வாக்கில்லாதவர் வாதமும் வாக்குள்ளவன் மௌனமும்

பெட்டாலிங் ஜெயா பழைய பட்டணத்தில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை உண்டு. அதன் பெயர் இங்கு வேண்டா. ஞாயிறுதோறும் காலை எட்டு மணிக்கு அங்கே ஒரு கூட்டம் கூடும்; அக்கூட்டத்தில் நாமும் ஓர் அங்கத்தினர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், இரண்டு லாரிகள் வைத்துத் தொழில் நடத்துபவர், கிள்ளானிலிருந்து வரும் பழைய தோட்டத்துக் கிராணி, வங்கி உத்தியோகஸ்தர், கோயம்புத்தூரிலிருந்து வந்து கணினித் தொழிலில் கைநிறையச் சம்பாதிக்கும் இளைஞர் இருவர், இன்னுஞ் சிலர். தோசை ஆறுமுன் சென்னைச் சட்டசபை இங்கே கூடிவிடும். எந்தக் கட்சி எதனோடு சேரும், எந்தத் தொகுதியில் எவருக்குச் செல்வாக்கு, எந்த மந்திரி எதைச் சொல்லி எதை மறுத்தார் என்பன போன்ற விஷயங்களில் நம் அன்பர்களுக்குள்ள ஞானத்தைக் கண்டால், தமிழ்நாட்டுக் கட்சிக் காரியதரிசிகளே கப்பலேறி வந்து பாடங் கேட்க வேண்டியிருக்கும்.

2024ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாளும் ஞாயிற்றுக்கிழமையே. அன்று சித்திரை முதல் நாள். அதற்கு ஐந்தாம் நாள், ஏப்ரல் 19 அன்று, தமிழ்நாட்டின் 39 பாராளுமன்றத் தொகுதிகளுக்கும் வாக்குப்பதிவு. (சித்திரை முதல் நாள் புத்தாண்டா, தை முதல் நாள் புத்தாண்டா என்பதற்கே முதற் கால்மணி நேரம் போயிற்று. 2008இல் தை என்று அங்கே ஒரு சட்டம் வந்தது. 2011இல் சித்திரை என்று இன்னொரு சட்டம் அதை அடித்தது. ஆட்சி மாறினால் அங்கே ஆண்டுப் பிறப்பு மாறும்; இங்கே இரண்டு வீட்டார் பேச்சு நின்றுபோகும்!) பிறகு விவாதம் தேர்தலுக்கு வந்தது. குரல் உயர்ந்தது. லாரிக்காரர் மேசையைத் தட்டினார், தேநீர் சிந்திற்று.

சிந்திய தேநீரைத் துடைக்க வந்த பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்தவன். நாம், ஏதோ விளையாட்டாகவே, “தம்பி, உன் அபிப்பிராயம் என்ன? யார் வருவார்கள்?” என்று கேட்டோம். அவன் துணியைப் பிழிந்துகொண்டே, “எனக்கு ஊரிலே ஓட்டு இருக்குங்க ஐயா. போடணும்னு ஆசையுந்தான். பாஸ்போர்ட்டு முதலாளி மேசையறையிலே இருக்கு” என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனான்.

ஒரு நிமிஷம் எவரும் பேசவில்லை. பிறகு கிராணி, “அது கிடக்கட்டும், கொங்கு நாட்டில் என்ன நிலவரம்?” என்றார். சபை மீண்டும் நடந்தது.

அன்று நாமும் எழுந்து வராமல் உட்கார்ந்துதான் இருந்தோம். ஆகையால் இங்கு எழுதுவது பிறரை மட்டும் குறைகூற எழுதுவதன்று. ஆனால் அந்தப் பையனின் ஒரு வாக்கியம் நம் மனத்தில் முள்ளாய்த் தைத்துவிட்டது. அந்த மேசையைச் சுற்றி வாதிட்ட பன்னிருவரில் பதின்மருக்கு இந்தியாவில் வாக்கு இல்லை, இருக்கவும் முடியாது. நாம் இந்நாட்டுப் பிரஜைகள். இந்நாடும் இரட்டைக் குடியுரிமையை ஒப்புவதில்லை, இந்தியாவும் ஒப்புவதில்லை. இந்தியா அளிக்கும் வெளிநாட்டு இந்தியர் அட்டையை வாங்கி வைத்திருப்பவர்க்கும் அதில் வாக்குரிமை கிடையாது. வாக்குடையவர் மூவர். அவருள் இருவர் நம் கணினி இளைஞர்கள். அவர்கள் விமானச் சீட்டு வாங்க வல்லவர்கள்; வாங்கவில்லை. “ஒரு வாக்கால் என்ன ஆகிவிடப் போகிறது?” என்று அவர்களே சொன்னார்கள், சொல்லிவிட்டு, ஒரு தொகுதியின் முடிவைப் பற்றி முக்கால் மணி நேரம் வாதிட்டார்கள். மூன்றாமவன் போக ஆசைப்பட்டவன்; அவனிடம் சீட்டுக்குப் பணமும் இல்லை, கடவுச்சீட்டும் இல்லை. வாதம் செய்யும் உரிமை வாக்கில்லாதவர்க்கும், வாக்களிக்கும் வசதி விருப்பமில்லாதவர்க்கும், விருப்பம் வசதியில்லாதவனுக்குமாகப் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டிருக்கும் இந்த ஏற்பாட்டை எந்த விதி வகுத்ததோ நாம் அறியோம்!

இதிலே இந்தியச் சட்டத்தின் கதையையும் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டில் வாழும் இந்தியப் பிரஜை தன் ஊர் வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று 2010இல் சட்டந் திருத்தினார்கள். 2011இல் அது நடப்புக்கு வந்தது. ஆனால் வாக்களிக்க வேண்டுமாயின், ஊருக்கே நேரில் போய் நிற்க வேண்டும். பதிலாள் மூலம் வாக்களிக்கலாம் என்ற மசோதா 2018இல் மக்களவையில் நிறைவேறிற்று. மேலவையில் நிறைவேறுமுன் 2019இல் சபை கலைந்து அதுவும் காலாவதியாயிற்று. இதன் பலன் என்ன? 2024 தேர்தலில் அயல்நாட்டு வாக்காளராகப் பதிந்திருந்தோர் உலகமெங்கும் சேர்ந்து ஏறத்தாழ 1,19,000 பேர். அவர்களிலும் பெரும் பங்கு மலையாள நாட்டார். நேரில் வந்து வாக்களித்தவர் மூவாயிரம் பேர்கூட இல்லை. கோடி கோடியாய்க் கடல் கடந்து வாழும் சமூகத்தில் இது எத்தனையாவது பங்கு என்று நம் ஆசிரியர் கணக்குப் போட முயன்று, பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

“அவர்கள் நாட்டைப் பற்றி அவர்கள் பேசுகிறார்கள், நம் இனத்தைப் பற்றி நாம் பேசுகிறோம், இதில் என்ன தவறு?” என்று கேட்கப்படும். பேச்சு தவறென்று நாம் சொல்லவில்லை. பேச்சு நடக்கும் நேரத்தில் காலடியில் என்ன நடக்கிறதென்று பார்ப்பதில்லையே என்றுதான் சொல்லுகிறோம்.

பார்ப்போம். அந்தக் கடை நிற்கும் பூமி எது? பெட்டாலிங் ஜெயா என்னும் பட்டணம் 1950களின் தொடக்கத்தில், கோலாலம்பூரின் நெருக்கடியைக் குறைப்பதற்காக, எபிங்ஹாம் தோட்டம் என்ற ரப்பர்த் தோட்டத்து நிலத்தில் எழுப்பப்பட்டது. நம் பாட்டன் பாட்டிமார் பால் வெட்டிய மரங்களை வேரோடு பிடுங்கிய இடத்தில்தான் இன்றைய கடைத் தெருக்களும் அடுக்கு வீடுகளும் நிற்கின்றன. தோட்டத்தின் பெயர் இன்று பண்டார் உத்தாமாவிலுள்ள ஒரு தமிழ்ப் பள்ளியின் பலகையில் மாத்திரம் மிஞ்சியிருக்கிறது. 2006ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் இப்பட்டணம் மாநகராயிற்று. நல்லது. இந்த மாநகரின் சாக்கடை, விளக்கு, சந்தை, அங்காடிக் கடை அனுமதி, தாழ்ந்த விலை வீடுகளின் மின்தூக்கி, கோயில் நிலத்துத் தகராறு, சுடுகாட்டுப் பாதை ஆகிய இத்தனையிலும் கை வைக்கும் மாநகர் மன்றத்தின் உறுப்பினர்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று அதே சபையில் ஒருநாள் கேட்டோம். “ஜனங்கள்தான்” என்றார் வங்கி நண்பர். “இல்லை, எம்.பி.” என்றார் லாரிக்காரர். நாம்தானே இரண்டாண்டு முன்பு, 2022 நவம்பர் 19இல், வாக்களித்தோம் என்று ஒருவர் பெருமையோடு சொன்னார். அது நாடாளுமன்றத்துக்கு, ஐயா!

உண்மை யாதெனில், இந்நாட்டில் நகரசபைத் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. இந்தோனேசியாவுடனிருந்த மோதல் காரணம் என்றார்கள். மோதல் தீர்ந்தது, தேர்தல் திரும்பவில்லை. 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் வந்து, உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கும் என்று முடித்து வைத்தது. இதிலே நம்மவர் நெஞ்சில் அறைந்து சொல்ல வேண்டிய ஒரு செய்தி உண்டு. தேர்தலை நிறுத்திய அதே 1965இல், உள்ளாட்சி மன்றங்களின் நடப்பை ஆராய ஓர் அரச விசாரணைக் குழு அமைத்தார்கள். அதன் தலைவர் ஒரு தமிழர். மேலவை உறுப்பினர் ஆதி நாகப்பன். நாடு முழுதும் விசாரித்த அக்குழு, ஜனங்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களே வேண்டும் என்று சிபாரிசு செய்தது. சர்க்கார் அதை ஏற்கவில்லை. பெட்டாலிங் ஜெயாவை ஒட்டியுள்ள தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் ஒரு சாலைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். அச்சாலை வழியே காரில் போகும் நம்மவருள் எத்தனை பேர் அவர் எழுதிக் கொடுத்தது என்னவென்று அறிவார்கள்? மதுரையில் எந்த வார்டில் எந்தக் கட்சி வென்றது என்று கேளுங்கள், உடனே சொல்லுவார்கள். தம் வீட்டு வாசற் சாக்கடைக்குத் தம்மிடம் வாக்கு இல்லை என்பது தெரியாதவர்கள், கடலுக்கப்பால் உள்ள சாக்கடையின் கட்சி நிலவரம் அறிந்தவர்களாயிருக்கிறார்கள்!

இன்னொரு காட்சி. 2025 டிசம்பர் 27ஆம் நாள் மாலை, கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் தேசிய மைதானத்தில் நம்மவர் வெள்ளமெனத் திரண்டனர். தமிழ்நாட்டு நடிகர் விஜய் நடித்த ‘ஜன நாயகன்’ படத்தின் பாடல் வெளியீட்டு விழா அது. 2024 பிப்ரவரியில் கட்சி தொடங்கியவர் அவர். அரசியல் பேசக் கூடாது என்று இந்நாட்டுப் போலீசார் முன்கூட்டியே எச்சரித்திருந்தனர். ஆட்டம் பாட்டம் பார்க்கப் போனதை நாம் குறைகூற மாட்டோம். ஆறு நாள் உழைப்பவனுக்கு ஒரு நாள் கேளிக்கை வேண்டும். போனவருள் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. ஆனால் அவர்கள் கால் வைத்து ஆடிய அந்த நிலம் எது என்று எவரேனும் அவர்களுக்குச் சொன்னார்களா? 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காக மைதானம் கட்டப்பட்ட அந்தப் பூமி, புக்கிட் ஜாலில் தோட்டம். அத்தோட்டத்து லயங்களில் கடைசிவரை இருந்த தொழிலாளர் குடும்பங்கள், தலைமுறை தலைமுறையாய் உழைத்த மண்ணில் வீடு கட்டிக்கொள்ள நான்கு ஏக்கர் கேட்டன. நாற்பதன்று, நானூறன்று, நான்கு! 2011இல் அவர்களை வெளியேற்ற அறிவிப்பு வந்தபோது துணைக்குப் போய் நின்றவர்கள் சிலரே. மைதானம் நிரம்பிய அந்த மாலையில் திரண்ட கூட்டத்தில் நூறில் ஒரு பங்கு அன்று லயத்து வாசலில் நின்றிருந்தால்... ஆனால் அன்று அங்கே பாட்டு இல்லை.

நிற்க. நம்மை எதிர்த்துச் சொல்லக்கூடிய வாதங்களுள் ஒன்றே ஒன்று மதிக்கத் தக்கது. “தாயகத்து அரசியல் இந்த நாட்டுத் தமிழனுக்கு நன்மையே செய்தது. சுயமரியாதையும் தொழிற்சங்கமும் எங்கிருந்து வந்தன? அங்கிருந்துதானே வந்தன?” என்று ஆசிரியர் ஒருநாள் நம்மை மடக்கினார். உண்மை, முழுதும் ஒப்புகிறோம். 1929 டிசம்பரில் ஈ.வெ. ராமசாமிப் பெரியார் பினாங்கில் வந்திறங்கி, ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று பேசிப் போனார். அவர் விட்டுச் சென்றது என்ன? எந்தக் கட்சிக்கு எத்தனை ஸ்தானம் என்ற கணக்கா? அல்ல. தோட்டத்து லயத்திலும் சாதி பார்த்துத் தண்ணீர்க் குழாயில் தள்ளி நிற்கிறாயே, தீ மிதித்துக் கள்ளுக் குடித்துக் கூலியைத் தொலைக்கிறாயே, ஏன் என்ற கேள்வியை விட்டுச் சென்றார். அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர்கள் அதை இந்த மண்ணிலேயே நட்டார்கள். கோ. சாரங்கபாணி 1935இல் ‘தமிழ் முரசு’ நடத்தத் தொடங்கினார். தாயகத்து இயக்கத்தில் அவருக்கிருந்த பற்று பற்றிச் சந்தேகமில்லை. அதே சாரங்கபாணி 1950களில் சிங்கப்பூர்த் தமிழரைப் பார்த்துச் சொன்னது என்ன? இந்நாட்டுக் குடியுரிமைக்குப் பதிந்துகொள் என்று பத்திரிகையிலும் எழுதினார், நேரிலும் ஆள் சேர்த்துப் பதியச் செய்தார். ஊர்ப் பற்று உள்ளவர் செய்த வேலை இது.

அதற்கும் முன்பு, 1941இல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்தது எல்லாவற்றிலும் பெரிது. நம் கிராணியின் தகப்பனார் அதைக் கண்ணால் கண்டவர். ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் பணிபுரிந்த ஆர்.எச். நாதன் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் மூலம் தோட்டத் தொழிலாளரைத் திரட்டினார். அக்காலத்து இந்தியச் சுதந்திரப் போராட்டத்தின் காற்று அவர்கள் மேல் வீசியிருந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர்கள் துரைமாரிடம் வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்குள்ள கூலி எமக்கும் வேண்டும். பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும். வைத்திய வசதி வேண்டும். பெண்களைத் தொந்தரவு செய்வது ஒழிய வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். உறவினரும் சிநேகிதரும் தோட்டத்துக்குள் வந்துபோகத் தடை கூடாது. சங்கம் வைக்கவும் கூட்டம் போடவும் உரிமை வேண்டும். துரையையோ கிராணியையோ வழியில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கத் தேவையில்லை.

சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன் என்பது! இந்த ஒரு வரியை நாம் எத்தனை முறை நினைத்தாலும் உடல் சிலிர்க்கிறது. மகா தத்துவம் ஒன்றும் அதில் இல்லை. சிவப்பு மண் பாதையில், தன் சொந்தக் காசில் வாங்கிய சைக்கிளில், ஒரு தமிழன் மற்றொரு மனிதனைக் கடந்து செல்லும்போது தரையில் இறங்க வேண்டுமா என்ற கேள்வி, அவ்வளவே. தாயகத்து விடுதலைப் பேச்சைக் கேட்டவன், அதைத் தன் சைக்கிள் வரைக்கும் கொண்டுவந்து பொருத்திப் பார்த்தான். நாதனை மே மாதம் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். வேலைநிறுத்தம் பரவிற்று. சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவித்துப் படையை இறக்கினார்கள். இறங்கிய படையும் இந்தியப் படையே. தொழிலாளர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

ஆசிரியர் சொல்லுவதற்கு நம் விடை இதுதான். அங்கிருந்து வரும் கருத்தை இங்கே சைக்கிளில் ஏற்றுபவன் தாயகத்து அரசியல் பேசட்டும். இரவு பகல் பேசட்டும். சமூக நீதி அங்கே நிலைநாட்டப்பட்டது என்று மார்தட்டுபவர், தாம் சாப்பிடும் கடையில் சமூக நீதி எந்த மேசையறையில் பூட்டப்பட்டிருக்கிறது என்று கேட்டாரா? தொழிலாளர் கட்சி அங்கே வளர வேண்டும் என்று வாதிடுபவர், தம் வீட்டைக் கூட்டும் பெண்ணுக்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வு கொடுத்தாரா? கொடுத்திருந்தால் நாம் கைகூப்புகிறோம். கொடாதவர் பேசும் அரசியல், திண்ணையில் சொக்கட்டான் ஆடுவதைவிட ஒரு மாற்றுக்கூட உயர்ந்ததன்று. சொக்கட்டானாவது இரைச்சலில்லாத ஆட்டம்.

தாயகத்துத் தலைவர்களை நம்பி நம் காரியத்தை விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சரித்திரம் சாட்சி இருக்கிறது. 1938 ஜூனில் இந்திய சர்க்கார் மலாயாவுக்குக் கூலியாட்கள் அனுப்புவதைத் தடுத்தது. கூலிக் குறைப்பைக் கண்டித்து எடுத்த அந்த நடவடிக்கை நியாயமானதே. ஆனால் இங்கு ஏற்கெனவே இருந்தவன் கூலியை உயர்த்திக் கொடுத்தது அந்தத் தடையன்று. மூன்றாண்டு கழித்து அவனே கிள்ளானில் போராட வேண்டியிருந்தது. இலங்கைத் தோட்டத் தமிழர் கதை இன்னும் கொடியது. 1948இல் அங்கே அவர்கள் குடியுரிமை பறிபோயிற்று. 1964 அக்டோபரில் கொழும்பும் டில்லியும் உடன்படிக்கை செய்து, 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மிச்சமுள்ள ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று கணக்கை முடித்தன. ஆடு மாடு பிரிப்பவர்கூட ஒருமுறை தொட்டுப் பார்ப்பார்கள். இவர்களை எவரும் கேட்கவில்லை. இந்நாட்டில் 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, பிரஜையல்லாதவன் வேலை அனுமதி பெற வேண்டும் என்றபோது, குடியுரிமைக்குப் பதியாமல் “எப்படியும் ஊருக்குப் போகத்தானே போகிறோம்” என்று இருந்துவிட்ட நம்மவர் ஏறத்தாழ 60,000 பேர் கப்பலேற நேர்ந்தது. எத்தனையோ பேர் அந்த ஊரைப் பிறகுதான் முதன்முதலாகக் கண்டார்கள். பதியாமல் விட்டதற்கு எழுத்தறியாமையும் காரணம், துரைமாரின் அலட்சியமும் காரணம், மறுக்கவில்லை. ஆனால் மனம் முழுவதையும் கப்பற்றுறையில் வைத்துவிட்டு உடம்பை மட்டும் பால்மரத்தடியில் வைத்திருந்ததும் ஒரு காரணமென்று சொல்லாமல் விடுவது யோக்கியமாகாது. பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இல்லாத இந்தியர்களைத் தேடிப் பதிய 2011இல்கூட இங்கே தனி இயக்கம் நடத்த வேண்டியிருந்தது என்றால், அந்தப் பழைய அலட்சியத்தின் வால் எவ்வளவு நீளம் என்று தெரியும்.

இப்போது அங்கிருந்து வரும் தலைவர்கள் விமானத்தில் வந்திறங்கி, பிரிக்பீல்ட்ஸில் மாலை வாங்கி, தொப்புள்கொடி உறவு என்று பேசிவிட்டுப் போகிறார்கள். சென்னையில் ஜனவரி 12ஐ அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். நல வாரியமும் வைத்திருக்கிறார்கள். வேண்டாமென்று சொல்லோம். ஆனால் அந்த மேடைகளில் உட்கார்பவர் யார்? தொழிலதிபர், டத்தோ, பத்திரிகை முதலாளி. சிவகங்கைப் பையன் அந்த மேடைக்கு நாற்காலி தூக்கிப் போடவாவது போனானா என்றால், அவனுக்கு விடுமுறை கிடையாது.

அவன் எப்படி வந்தான் என்பதையும் விசாரித்தோம். ஊரில் ஒரு தரகர். குடும்பத்துக்கிருந்த கொஞ்சம் நிலத்தின் மேல் கடன். பத்தாம் வகுப்புத் தேறாத தொழிலாளி மலேசியாவுக்கு வேலைக்குப் புறப்பட இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். 1983ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்லுகிறது. தரகர் பதிவு பெற்றவராகவும் இருக்க வேண்டும். பையனுக்கு இவை ஒன்றும் தெரியாது. “மேனேஜ்மெண்டு வேலைன்னாங்க” என்று மட்டும் சொன்னான். நூறாண்டுக்கு முன் கங்காணி சொன்னான், மலாயாவில் தேங்காயும் கருவாடும் மரத்தில் தொங்குகிறதென்று. கங்காணி ஒழிந்தான் என்று நாம் சரித்திரப் புத்தகத்தில் படித்தோம். ஒழியவில்லை, செருப்பைக் கழற்றிச் சப்பாத்துப் போட்டிருக்கிறான். அன்று கூலிக்குத் துரை எசமானன். இன்று அந்தக் கூலியின் பேரப்பிள்ளைகளில் சிலர் எசமானர். அதே தமிழ் பேசும் புதுக் கூலி அவர்களுக்கு. இது முன்னேற்றமாகுமா என்று வாசகர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளட்டும்.

சட்டம் ஒன்றும் மறைவில் இல்லை. பிறர் கடவுச்சீட்டை உரிமையின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டப்படி இந்நாட்டில் குற்றம். பத்தாயிரம் வெள்ளி வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் விதிக்கலாம். அயல்நாட்டுத் தொழிலாளிக்கான வரியை 2018 முதல் முதலாளியே கட்ட வேண்டும். கூலியில் பிடிக்கக் கூடாது. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 வெள்ளி. அது அயல்நாட்டாருக்கும் பொருந்தும். இவ்வளவும் எந்த வழக்கறிஞரும் இல்லாமல் ஒரு மணி நேரத்தில் நாம் அறிந்துகொண்டவை. அவ்வளவு காலம் அறியாமலிருந்தோம் என்பதே வெட்கம்.

மறு ஞாயிறு முதலாளியிடம் பேசினோம். அவர் கெட்டவரல்லர்; அதைச் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூட நிதிக்கு முதலில் பணம் நீட்டுபவர். சீர்திருத்தக் கொள்கையுடையவர், தலைவர் படம் ஒன்று அவர் தலைக்கு மேலே சுவரில் தொங்கும். படத்துக்கு நேர் கீழே மேசை. மேசையறையில் ஐந்து கடவுச்சீட்டுகள்.

“அண்ணே, ஒவ்வொருத்தனுக்கும் எவ்வளவு கட்டியிருக்கிறேன் தெரியுமா? நாளைக்கு ஓடிப்போனால் யார் கொடுப்பார்கள்? நீங்களா?” என்று கேட்டார்.

“துரைமாரும் இதையேதான் சொன்னார்கள், தம்பி” என்றார் கிராணி. அவ்வளவு ஆண்டுகளில் அவர் சென்னையைப் பற்றியல்லாமல் பேசிய முதல் பேச்சு அதுவாகவே இருக்கும்.

முதலாளி முகம் கறுத்தது. சற்று நேரம் பேசாதிருந்து, சாவியை எடுத்துத் திறந்து, சிவகங்கைப் பையனைக் கூப்பிட்டு அவன் கையில் அவனுடையதைக் கொடுத்தார். நாம் ஏதோ சாதித்துவிட்டதாக எண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தோம். பையன் அதைத் திறந்து தன் படத்தைப் பார்த்தான். பிறகு திருப்பி முதலாளியிடமே நீட்டினான். “இங்கேயே இருக்கட்டும் முதலாளி. ரூமிலே எட்டுப் பேர் இருக்கோம். பூட்டு இல்லை.”

எட்டுப் பேர் ஓர் அறையில் என்பதை நாங்கள் அன்றுதான் கேள்விப்பட்டோம். அந்த அறை கடைக்கு நேர் மேலே, நாங்கள் இருந்து வாதிட்ட மேசையின் தலைக்கு மேலேயே இருந்தது. லாரிக்காரர் எழுந்து போனார். அரை மணி கழித்து, இரும்புக் கடையிலிருந்து பூட்டுடன் கூடிய ஒரு தகரப் பெட்டி கொண்டுவந்து பையன் முன் வைத்தார். சாவி இரண்டையும் அவன் கையில் கொடுத்தார். கணினி இளைஞருள் ஒருவர், மற்ற நால்வருக்கும் தாம் பெட்டி வாங்குவதாகச் சொன்னார், வாங்கியும் தந்தார். ஐந்து சீட்டுகளில் மூன்று வெளியே வந்தன. மற்ற இருவரும் வாங்கிக்கொள்ள அஞ்சினார்கள். ஏனென்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

சிவகங்கைப் பையன் ஏப்ரல் 19க்கு ஊர் போகவில்லை. பெட்டி வந்து சேர்ந்தபோது வாக்குப்பதிவு முடிந்து இரண்டு நாளாகியிருந்தது. ஜூன் மாதம் வாக்கு எண்ணிய அன்று எங்கள் சபை தனிக் கூட்டம் போட்டது. அவன்தான் தேநீர் கொண்டுவந்தான். அவன் தொகுதியில் யார் வென்றார் என்பதை லாரிக்காரர் அவனுக்குச் சொன்னார். “அப்படிங்களா” என்று கேட்டுவிட்டு, அவன் எச்சில் இலையை எடுத்துக்கொண்டு போனான்.